கடைசி சீட்டுத் தூக்கம்

பெரம்பலூரில் அருளானந்தத்தின் பஸ்ஸைப் பற்றி ஒரு கேலி உண்டு. கடைசி சீட்டில் உட்கார்ந்தவன் அரியலூர் வந்தாலும் இறங்க மாட்டான். தட்டி எழுப்பித்தான் இறக்க வேண்டும். அருளானந்தம் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்வார்.

“தொட்டில்ல போட்ட மாதிரி போவுது நம்ம வண்டி. தூங்காம என்ன செய்வான்?”

யுத்தத்தில் பெட்ரோல் ரேஷனுக்குப் போனதும் அந்த பஸ்ஸின் பின்னால் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தினார்கள். அதில் கரியைக் கொட்டித் தணலாக்கினால் வாயு வரும். அந்த வாயு ஒரு குழாய் வழியாகக் கடைசி சீட்டுக்கு அடியில் நுழைந்து, தரையோடு ஓடி, எஞ்சினுக்குப் போகும். இரண்டு வருஷம் பஸ் கரியில் ஓடியது. அந்தக் கேலி பிறந்ததும் அப்போதுதான். பிறகு அந்த ரூட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. பஸ் அருளானந்தத்தின் வீட்டு வாசலில் நின்றது.

நாற்பத்து நான்காம் வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அருளானந்தம் பஸ்ஸை வீடாக்கினார். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கடைசி சீட்டு இருந்த இடத்தில் ஒரு கட்டில், முன்பக்கம் கதவோரம் ஒரு பெஞ்சு, நடுவில் சாமான் பெட்டி, திரைச்சீலை. அவர் மனைவி இன்னாசிமேரிக்கு இழுப்பு. ஒரு மாதம் கடல் காற்றில் இருந்தால் தேவலை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் நாகப்பட்டினத்தில் துறைமுக ஆபீஸில் வேலை பார்த்தான். ரயிலில் போகலாம்தான். ரயிலின் கரிப்புகை இழுப்புக்கு ஆகாது என்றார் அருளானந்தம். ஆகவே கரி பஸ்ஸில் கிளம்பினார்கள்.

மருமகள் லீலா மேரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது. மாமனார் முன்னால் அவளுக்கு வார்த்தை தொண்டைவரை வந்து திரும்பிப் போய்விடும். திருச்சியில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள். கடலைப் பார்த்ததே கிடையாது. உப்புக் கரைசலைப் பற்றி மூன்று பக்கம் எழுதச் சொன்னால் எழுதுவாள்.

கரி பஸ் மேடு ஏறத் திணறும். அரியலூர் தாண்டி ஓர் ஏரிக்கரையில் அன்று தங்கினார்கள். பொழுது சாய்ந்ததும் அருளானந்தம் பழைய வேட்டியைக் கிழித்துச் சன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றிலும் திணித்தார்.

“மார்கழிப் பனி ஊசி மாதிரி எறங்கும். ஒரு ஓட்டை இருக்கப்படாது.”

டிரைவர் மாயவன் உருளையின் மூடியை இறுக்கி மூடினான். உள்ளே தணல் கனன்றுகொண்டே இருக்க வேண்டும். அணைத்துவிட்டால் காலையில் மறுபடி பற்றவைக்க நேரமாகும். பிறகு ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு வெளியே கரையில் படுத்தான்.

காலையில் உள்ளே படுத்த மூன்று பேருக்கும் தலைவலி. கட்டிலில் படுத்த இன்னாசிமேரிக்குக் குமட்டலும் சேர்ந்திருந்தது.

“சொன்னேன்ல, பனி” என்றார் அருளானந்தம். “எங்கியோ ஓட்டை விட்டுட்டேன்.”

நெற்றிக்குச் சுக்குப் பத்து அரைத்துப் போட்டுவிட்டு லீலா தண்ணீர் எடுக்க ஏரிக்குப் போனாள். புல்லெல்லாம் பனி. முந்தானை நனைந்தது. குடம் நிறைவதற்குள் அவள் தலைவலி போய்விட்டது. அவள் குடத்தோடு அங்கேயே நின்றாள். பனியால் வந்த வலி பனியில் நின்றால் போகுமா?

மாயவன் தலைமுடியிலிருந்து நீர் சொட்டச் சொட்டப் பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“உங்களுக்குத் தலை வலிக்கலையா?”

“எனக்கா சின்னம்மா? தலைன்னு ஒண்ணு இருந்தாத்தானே வலிக்கும்னு மொதலாளி சொல்வாரு.”

சாப்பிட்டுவிட்டு அவன் உருளையின் மூடியைத் தளர்த்தி, காற்றடிக்கும் விசிறியைக் கையால் சுற்றினான். சின்னக் குழாய் ஒன்றைத் திறந்து அதன் வாயில் தீக்குச்சியைக் காட்டினான். நீலமாக ஒரு சுடர் நின்றது.

“நீலமா எரிஞ்சா வண்டி கெளம்பிரும்.”

“வாசனை ஒண்ணும் வரலையே.”

“அதுக்கு வாசனையே கெடையாது.”

நீலச் சுடர், வாசனை இல்லை. லீலாவுக்கு எங்கோ படித்தது போலிருந்தது. பஸ் கிளம்பிவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் யாருக்கும் தலை வலிக்கவில்லை என்பதையும் அவள் கவனித்தாள்.

வழியில் டயர் பஞ்சராகி, உடையார்பாளையத்துக்கு அருகே முந்திரித் தோப்பு வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. அருளானந்தம் இம்முறை இரண்டு வேட்டியைக் கிழித்தார். லீலா தன் தலைமாட்டுச் சன்னலை ஒரு விரல்கடை திறந்து வைத்தாள். கட்டிலிலிருந்து இருமல் கேட்டது.

“படிச்ச புள்ள, பனிக்காலத்துல சன்னலைத் தெறக்கலாமா?” அவரே வந்து சாத்தினார். “காலையிலயும் இவளுக்கு இப்படியே இருந்துச்சுன்னா பெரம்பலூருக்கே திரும்பிரலாம். கடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

மாமா, அது பனி இல்லை என்று நினைக்கிறேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாக்கியம் தயாராக இருந்தது. அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

விடிந்ததும் கண்ணைத் திறந்தவளுக்குக் கை கால் ஈயமாகக் கனத்தது. மாமனார் முன்பே எழுந்து வெளியே போய், பனி புகாமல் கதவைச் சாத்தியிருந்தார். இப்போது திரும்பி வந்து கட்டிலைப் பார்த்தார்.

“பாத்தியா! மொகம் எப்படிச் செவந்து கெடக்கு, மாதாவே! ஒடம்பு தேறிருச்சு. எழுப்பாத, நல்லாத் தூங்கட்டும்.”

லீலா எட்டிப் பார்த்தாள். இன்னாசிமேரி மாநிறம். அந்த முகத்தில் அப்படியொரு சிவப்பு இதுவரை இருந்ததில்லை. உதடு வெற்றிலை போட்டது போலிருந்தது. தோளைத் தொட்டாள். உலுக்கினாள். எழவில்லை. எங்கோ படித்தது எங்கே என்று இப்போது தெரிந்தது: கரி அரைகுறையாக எரிந்தால் வருவது, மணமற்றது, நீலமாக எரியும், ரத்தத்தில் கலந்தால் சிவப்பு ஏறும். அடுத்த வரியை அவள் நினைக்க விரும்பவில்லை.

“மாயவா! கதவைத் தெற!”

அவள் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவளுக்கே தெரியாது. ‘வாங்க’ ‘போங்க’ எல்லாம் மறந்துபோயிருந்தது. மாமியாரின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். மாயவன் ஓடிவந்து கால்களைப் பிடித்தான்.

“பனி! பனியில கொண்டு போறியே! இழுப்புக்காரி, செத்துருவா!” அருளானந்தம் கதவை மறித்தார்.

“பனி இல்ல மாமா. கரி. நகருங்க!”

அவர் நகர்ந்துவிட்டார். ஏன் நகர்ந்தோம் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

முந்திரி மரத்தடியில், ஈரச் சருகின் மேல் கிடத்தினார்கள். லீலா மாமியாரின் ரவிக்கையைத் தளர்த்தி, கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். அருளானந்தம் போர்வையைக் கொண்டுவந்து தலையை மூடப் போனார். அவர் கையைத் தட்டிவிட்டாள். மரத்திலிருந்து பனி சொட்டியது. ஜெபமாலை அவர் விரலில் நகராமல் நின்றது. நெடுநேரம் கழித்து இன்னாசிமேரி நெளிந்தாள். ஒருக்களித்து வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்தாள்.

“எவ என் போர்வையை உருவினது? குளுருதே!”

லீலா அழுதுவிட்டாள்.

பயம் தெளிந்ததும் அருளானந்தத்துக்குக் கோபம் வந்தது. “என்னம்மா கரி? இந்த வண்டியை எத்தனை நாளா ஓட்டுறேன், எனக்குத் தெரியாத கரியா?”

லீலா வாயைத் திறந்தாள். பழையபடி வார்த்தை திரும்பிப் போனது. அதனால் அவள் ஒரு கிண்ணத்தில் துணி சோப்பைக் குழைத்து நுரை எடுத்துக்கொண்டு, கதவையும் சன்னல்களையும் விரியத் திறந்துவிட்டு பஸ்ஸுக்குள் போனாள். கட்டிலை நகர்த்தினாள். குழாய் உள்ளே நுழையும் இடத்தில் இருந்த இணைப்பின் மேல் நுரையைத் தடவினாள்.

“மாயவண்ணே, விசிறியச் சுத்துங்க.”

வெளியே விசிறி உறுமியது. நுரையில் ஒரு கொப்புளம் எழுந்து, உப்பி, வெடித்தது. பக்கத்திலேயே இன்னொன்று. பிறகு வரிசையாக.

அருளானந்தம் குனிந்து பார்த்தார். டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை கண்டுபிடித்தே காலத்தைக் கழித்த மனிதர். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“பஞ்சர்” என்றார்.

பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த கொப்புளம் உப்பி வெடிப்பதைப் பார்த்தார்.

“கடைசி சீட்டு இங்கதான் இருந்துச்சு.”

“ஆமா மாமா.”

“ஓடும்போது எஞ்சின் உறிஞ்சிரும். ஆள் ஏத்திக்கிட்டு நிக்கும்போதெல்லாம் மாயவன் விசிறி சுத்துவான்.”

“ம்.”

“அப்ப அவங்க தூங்கினது...” அவர் முடிக்கவில்லை. எழுந்து போய் உருளையின் அடிக்கதவைத் திறந்து தணல் முழுவதையும் மண்ணில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். ஆவி முகத்தில் அடித்தது, பின்வாங்கவில்லை. களிமண்ணும் சாக்குத் துணியும் வைத்து இணைப்பைத் தானே கட்டினார். இரண்டு தடவை நுரை போட்டுப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் வேட்டித் துண்டுகளைப் பிடுங்கி எறிந்தார்.

புதுக் கரி பற்றி நீலச் சுடர் வர மதியமாகிவிட்டது. அதுவரை ஒருவரையும் பஸ் பக்கம் விடவில்லை.

“வண்டியைத் திருப்பணுங்களா, மொதலாளி?” என்று கேட்டான் மாயவன்.

“எதுக்குத் திருப்பணும்? நேரா வுடு. இனிமே ராத்திரி தணலே வைக்கப்படாது.”

பஸ் கிழக்கே போயிற்று. எல்லாச் சன்னலும் திறந்திருந்தது. அன்று எல்லோரும் வானத்தின் கீழ் மாயவனுக்குப் பக்கத்தில் படுத்தார்கள். அருளானந்தம் மட்டும் காது தெரியாமல் துண்டைச் சுற்றியிருந்தார்.

விடிந்ததும் இன்னாசிமேரி அடுத்தடுத்துத் தும்மினாள். லீலா பதறி எழுந்தாள்.

“பனி புடிச்சிருச்சுடி” என்றாள் இன்னாசிமேரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “தலை மட்டும் வலிக்கல.”