ஓடாத பம்பு

உலகத்தில் எந்த மத்திய அரசும், நொடித்துப்போன மாநிலத்தையோ உள்ளாட்சியையோ காப்பாற்றக் கூடாது. இதை முழுப் பொறுப்புடன் சொல்கிறேன். இப்படிப் பேசித்தான் கல்லூரியில் ஓர் எவர்சில்வர் குடம் பரிசு வாங்கினேன்.

காயலோரத்துக் கொச்சங்காடியில் எங்கள் சந்தின் கோடியில் ஒரு பம்பு ஹவுஸ். வேலியேற்றத்தில், அதாவது கடல் பொங்கும் நேரத்தில், ஓடை வழியாக ஏறும் உப்புத்தண்ணீரைக் காயலுக்குத் திருப்பித் தள்ளும். அதை ஓட்டும் இசக்கிமுத்து அண்ணனுக்கு ஐந்து மாதமாகச் சம்பளமில்லை. உள்ளாட்சியைக் கேட்டால் மாநிலத்தைக் காட்டியது. மாநிலம் டெல்லியைக் காட்டியது. ஆகவே பக்கத்து வீட்டு லதீஃபா இத்தா டெல்லிக்கே மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"மோனே ஆஸிம், ஒரு ஒப்பு போடு."

"பிச்சைக்கு நான் ஒப்பு போடுறதில்ல இத்தா. இன்னைக்குக் காப்பாத்தினா நாளைக்கு மறுபடி கடன் வாங்குவாங்க. நனையட்டும், புத்தி வரும்."

"கடன் வாங்கினவங்க காலு எங்கடா நனையுது?"

"கேளுங்க. டெல்லி இல்லாமலே பம்பு ஓடுது."

ஓடியது. உம்மென்ற அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் சந்தில் யாரும் தரையில் கிடப்பதை எடுத்து மேலே வைப்பதில்லை. காலை பதினொரு மணி, நல்ல வெயில். பக்கவாதத்தில் படுத்திருந்த வாப்பாவைக் கீழே விட்டுவிட்டு, அடுத்த பேச்சுக்குக் குறிப்பெழுத மாடிக்குப் போனேன்.

இறங்கியபோது கடைசி மூன்று படிகளைக் காணோம். தண்ணீர் அலையே இல்லாமல், வெகுநாளாக அங்கேயே இருப்பதுபோல நின்றது. மெத்தை ஊறியிருந்தது. வாப்பா கூரையைப் பார்த்து இமைத்தபடி கிடந்தார். கட்டிலுக்கு வெளியே தொங்கிய அவர் கைவிரல்களுக்கிடையே ஒரு பொடிமீன் போய்ப்போய் வந்தது. மோட்டார் சத்தம் நிற்கவில்லை.

நான் கத்தியதில் இசக்கிமுத்து அண்ணன் ஓடிவந்தார். இருவருமாக வாப்பாவை மாடிக்குத் தூக்கினோம்.

"பம்புதான் ஓடுதே அண்ணே, பின்ன எப்படி?"

அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். முகம் வெளிறியது.

"எனக்கும் கேக்கத்தான் செய்யுது தம்பி. ஆனா ரிப்பேர் பாக்கி வரலன்னு ஒர்க்‌ஷாப்காரனுவ நேத்தே மோட்டாரக் கழட்டிட்டுப் போயிட்டானுவ. அதச் சொல்லத்தான் வந்துட்டிருந்தேன். அங்கன வெறும் சிமெண்டு மேடைதான் கெடக்கு."

வாசலில் லதீஃபா இத்தா முழங்கால் தண்ணீரில், மனுவைத் தலைக்குமேல் பிடித்தபடி நின்றார். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒப்பு போட்டேன். பிறகு தாளை வாங்கிக்கொண்டு போய், எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.