ஐம்பத்திரண்டு பாகை

நிழலுக்கு யாரும் விலை வைப்பதில்லை. தொண்ணூற்றெட்டு வைகாசியில், உடையார்கட்டில், நிவாரண அலுவலகம் வைத்தது: வீட்டுக்கு நூற்றைம்பது கிடுகு, பின்னிய தென்னோலை. தகரக் கூரையின் மேல் அதைப் பரப்பினால் உள்ளே மனிசர் இருக்கலாம். எல்லாருக்கும் கிடுகு காணாது. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு வெப்பமானியும் கொப்பியும் கொடுத்து, ஏழு நாள் மத்தியானச் சூட்டையும் விளக்குக்கு எரித்த மண்ணெண்ணெயையும் எழுதச் சொன்னார்கள். எத்தனை பாகைக்கு மேலே போனால் கிடுகு என்பதை மட்டும் சொல்லவில்லை.

முல்லைத்தீவுக் கரையில் மீன் வியாபாரம் செய்து, இடம்பெயர்ந்து வந்த ஸ்ரனிஸ்லஸ் அங்கேதான் சறுக்கினார். நூறு சொன்னால்தான் அறுபதில் வந்து நிற்கும் என்பது அவருடைய முப்பது வருடப் படிப்பு. அவர் மனைவி கலிஸ்ராவுக்கு ஏழு மாதம். மத்தியானங்களில் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். வெப்பமானிக் குழாய் நாற்பத்தொன்று காட்டியது. அவர் ஐம்பத்திரண்டு எழுதினார். சந்தேகம் வராதிருக்க ஒருநாள் ஐம்பத்தொன்று, ஒருநாள் ஐம்பத்துமூன்று.

எட்டாம் நாள் காலை, வெயில் ஏறுமுன், அலுவலகத்து விமலேஸ்வரி சைக்கிளில் வந்தாள். கொப்பியை விரித்தவள் நெற்றியைத் தடவினாள்.

"அண்ணை, எண்ணெய்க் கணக்கு வடிவாயிருக்கு."

"அதிலை கூட்டி எழுதி என்ன பிள்ளை லாபம்?"

"சூடு ஐம்பத்திரண்டோ?"

"சரி, நீங்களும் ஒண்டைச் சொல்லுங்கோவன். நாற்பத்தெட்டு?"

"இதென்ன பாரைமீனே, விலை பேச? குழாயைப் பாருங்கோ."

பார்த்தார். கோடுகள் ஐம்பதோடு முடிந்திருந்தன. ஏழு நாளும் பாதரசம் நின்ற இடத்தைப் பார்த்தவர் அதற்கு மேலே கண்ணை உயர்த்தியதில்லை.

"உண்மையிலை நாற்பத்தொண்டு, பிள்ளை. மாதா சத்தியமா."

"கிடுகு தர முப்பத்தெட்டே காணும், அண்ணை," என்றாள் அவள், களைத்த குரலில். "உள்ளதை எழுதியிருந்தால் இண்டைக்கே கிடுகுக்குத் துண்டு எழுதித் தந்திருப்பன். இனி எதை நம்பி எழுதிறது?"

"ஒரு கிழமை விட்டிட்டுப் போங்கோ. திருப்பி எழுதிறன்."

"குழாய் நாளைக்குப் பூநகரிக்குப் போகுது. அடுத்த பட்டியல் ஆவணியிலை."

பிள்ளை ஆடியில் பிறக்கும். கலிஸ்ராவின் வயிறு கதவுவாசலில் நின்றது.

விமலேஸ்வரி குழாயைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். ஸ்ரனிஸ்லஸ் சாக்கொன்றை வாளித் தண்ணீரில் நனைத்து, கூரையில் விரிக்க ஏணியைச் சாத்தினார். கலிஸ்ரா கதவில் சாய்ந்தபடி விரல் மடித்தாள்.

"அவை கேட்டது முப்பத்தெட்டு. எங்களிட்டை இருந்தது நாற்பத்தொண்டு. நீங்கள் சொன்னது ஐம்பத்திரண்டு. வந்தது ஒரு ஈரச்சாக்கு."