பச்சை எரிந்த பிறகு

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பழைய நாற்காலிகளைக் கார்களாக நிறுத்தி, ஒரு வாரமாகப் பிள்ளைகளுக்குச் சாலை கடக்கப் பழக்கியிருந்தாள் இரண்டாம் வகுப்பு டீச்சர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், "நில்லு, பாரு, கேளு, அப்புறம் நட" என்று ஒப்பிப்பார்கள். இன்றுதான் நிஜச் சாலை. கிளம்பும்போது கணவனுக்கு ஒரு செய்தி தட்டிவிட்டாள்: சாயங்காலம் சீக்கிரம் வாங்க, அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.

சிக்னல் அருகே பிள்ளைகள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து நின்றார்கள். வாயாடி என்று பெயரெடுத்த சின்னப்பெண் மட்டும் ஜோடி சேராமல் டீச்சரின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

நடப்பவர்களுக்கான பச்சை எரிந்தது. பேருந்து ஒன்று பெருமூச்சு விட்டு நின்றது.

"எல்லா வண்டியும் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு டீச்சர்!"

காலை எடுத்து வைத்தாள். பேருந்தின் மறைவிலிருந்து சாம்பல் நிறக் கார் ஒன்று பாய்ந்து வந்தது. அவள் கைகளை விரித்துப் பின்னால் சாய்ந்ததும், பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்ததும் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. காற்று முகத்தில் அறைந்தது. வாயாடியின் தண்ணீர் பாட்டில் சக்கரத்தில் சிக்கிப் படாரென்று வெடித்தது. ஓட்டியவனின் குனிந்த தலை நிமிரவேயில்லை.

முடி கொட்டத் தொடங்கியிருந்த அந்த உச்சந்தலையை அவள் தினமும் சாப்பாட்டு மேசைக்கு எதிரே பார்க்கிறாள். போய்க்கொண்டிருந்த காரின் பின்கண்ணாடியில், அவளே ஒட்டிய மஞ்சள் பறவை.

தோள்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள்.

'சரி, வந்துடறேன்.'



"டீச்சர், பச்சைதானே எரிஞ்சுது? நாம சரியாத்தானே வந்தோம்?" வாயாடி அழவில்லை. கேள்விதான் கேட்டாள். "அந்த மாமாவுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையா?"

டீச்சர் எல்லோரையும் திருப்பிப் பள்ளிக்கே நடத்திப்போனாள்.

சாயங்காலம், சொன்ன சொல் தவறாமல் கணவன் சீக்கிரமே வந்துவிட்டான். விரலில் சாவிக்கொத்து சுழன்றது.

"அத்தை ரெடியா?"

"மத்தியானம் எங்க ஸ்கூல் சிக்னல் வழியா வந்தீங்களா?"

"ஆமா. ஏன்?"

"நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன். பிள்ளைங்களோட."

"கை காட்டியிருக்கக் கூடாதா? பார்த்திருப்பேனே!" என்று சிரித்தான்.

அவள் சொன்னாள். பேருந்தை, பச்சையை, பாட்டில் வெடித்த சத்தத்தை. சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோக, கைக்குக் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"யாருக்காவது…"

"பாட்டில்தான்."

"பதில் போடலன்னா நீதானே மூஞ்சியைத் தூக்கி…" என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அந்தப் பாதியை மத்தியானமே அவள் தனக்குள் முழுசாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். டாக்டரிடம் அன்று யாரும் போகவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போலக் காரை வெளியே எடுத்தான். "நான் நடந்தே போறேன்" என்று அவள் கிளம்பிவிட்டாள். கொஞ்சதூரம் போனதும் பின்னால் ஹாரன்கள் அலறின. திரும்பினாள். அவன் கார், நான்கு விளக்குகளும் விட்டுவிட்டு மின்ன, அவள் நடைக்கு ஈடாக ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னே நீண்ட வண்டி வரிசை. யாரோ தலையை வெளியே நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவன் முந்தவுமில்லை, ஒதுங்கவுமில்லை. இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தன.

சிக்னல் வந்தது. கோட்டுக்கு வெகுதூரம் முன்பாகவே கார் நின்றது. நடப்பவர்களுக்கான பச்சை எரிந்தது. அவள் நடைபாதை விளிம்பில் நின்று, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அந்த நிமிர்ந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.