மாவுக்கு அடியில்

கணேசமூர்த்தியைக் கண்டாலே பொன்னுதுரைக்குப் பயம். மனுஷன் நல்லவர்தான், ஆஸ்பத்திரியில் ஊசி போடும் டிரெஸர். பயமெல்லாம் அவர் சட்டைப் பையில் இருந்த சிவப்பு மைப் பேனாவைப் பார்த்துத்தான்.

போன வருடம் நாடு சுதந்திரமடைந்த மெர்டேகா சமயத்தில், பொன்னுதுரை குடியிருந்த காஜா பெராங்கில் அடுத்த வீட்டுச் சுப்பையனுக்குக் காலில் சீழ் வைத்து, பெனிசிலின் போட்டார்கள். உடம்பெல்லாம் தடித்துவிட்டது. கார்டில் சிவப்பு மையில் எழுதினார்கள். அதோடு அந்த ஊசி நின்றது.

பொன்னுதுரையின் மனைவி கமலவேணிக்கு முப்பத்திரண்டு வயது. கழுத்தில் புற்றுக்கட்டி. கப்பலில் வந்த புது மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றினார்கள். முதல் ஊசி போட்ட சாயங்காலமே கையிலும் கழுத்திலும் கொத்துக் கொத்தாகத் தடிப்பு. இரண்டு நாள் அரித்து அடங்கியது. ஆனால் பத்தே நாளில், கோழிமுட்டை அளவிருந்த கட்டி பாக்கு அளவுக்கு வற்றிவிட்டது. தாலிக்கொடி மறுபடி கழுத்தோடு படிந்து கிடப்பதைப் பார்த்துப் பொன்னுதுரை அழுதேவிட்டான்.

“சொன்னா நிறுத்திருவாங்கங்க,” என்றாள் அவள். “அரிப்புதானே, அரிச்சிட்டுப் போகட்டும்.”

தடுத்திருக்க வேண்டியவன் தலையாட்டினான், படுபாவி.

இரண்டாவது ஊசிக்குப் புறப்படுமுன், தடிப்பு எழுந்தாலும் தெரியாதிருக்க, மலாய்ப் பெண்கள் வெயிலுக்குப் பூசும் பெடாக் சுஜோக் அரிசிமாவு வில்லைகளைத் தண்ணீரில் கரைத்து, அவள் கையிலும் கழுத்திலும் அவனே பூசிவிட்டான்.

“மலாய்க்கார வீட்டுல பொண்ணு எடுத்தேன்னு கடையில சிரிக்கப் போறானுங்க.”

“எடுத்த உருப்படியத் திருப்பித் தர முடியாதுன்னு உங்க துணிக்கடையிலதானே எழுதிப் போட்டிருக்கு?” என்று அவள் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் கணேசமூர்த்தி கேட்டார். “போன ஊசிக்கப்புறம் அரிப்பு, தடிப்பு, மூச்சு முட்டல் ஏதும் உண்டாம்மா?”

“ஒண்ணும் இல்லீங்க.”

மருந்து இறங்கி முடிவதற்குள் மாவுக்கு அடியில் தடிப்பு எழும்பிவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவையும் அதே மாவு, அதே கேள்வி, அதே பதில். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. “என்னங்க, நெஞ்ச அடைக்குது,” என்றாள். உதடு வீங்கியது. கணேசமூர்த்தி மருந்துக் குழாயை அடைத்தார். டாக்டர் ஓடி வந்து ஊசிமேல் ஊசி போட்டார். போன மூச்சு போனதுதான்.

கணேசமூர்த்தி ஈரத்துணியால் அவள் கையைத் துடைத்தார். மாவு போன இடமெல்லாம் தடிப்பு.

“முன்னாடியும் இப்படி வந்துச்சா?”

பொன்னுதுரை இரண்டு விரலைக் காட்டினான்.

“ஏன்யா சொல்லல?”

“சொன்னா மருந்த நிறுத்திருவீங்கன்னு...”

கணேசமூர்த்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். “இதுக்கு மாத்து மருந்தே கிடையாது, இத யாருய்யா நிறுத்தறது? அரிப்புக்கு ஊசி மொதல்ல போட்டுட்டு, மருந்த நாள் பூரா சொட்டுச் சொட்டா எறக்கியிருப்போம். அந்தா அஞ்சலைக்கு அப்படித்தான் ஓடுது.”

எதிர்க் கட்டிலில் அஞ்சலை, அரிப்பு ஊசியின் மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். போன தடவையும் இப்படித்தான் தூங்கினாள். பொன்னுதுரை பார்த்திருந்தான். ஏனென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கணேசமூர்த்தி சிவப்புப் பேனாவை எடுத்து, கமலவேணியின் கார்டில் மருந்தின் பெயரை எழுதினார்.

“மாவு பூசினது நான்தாங்க,” என்றான் பொன்னுதுரை. “அதையும் எழுதிக்குங்க.”