சைலஸுக்குப் பால் கொடுத்தவள்

என் தம்பியைப் புதைக்க அப்பா முதலில் தரையில் தீ மூட்ட வேண்டியிருந்தது. பிப்ரவரிக் குளிரில் மண் கல்லாக உறைந்து கிடந்தது. நெருப்பு அணைந்து சாம்பலை விலக்கிய பிறகுதான் கடப்பாரை இறங்கியது. தம்பிக்குப் பெயர்கூட இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைப்பதாக இருந்தது. அதற்குள் போய்விட்டான்.

இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, இந்த ஆறு கடலில் சேரும் இடத்தில் நாங்கள் குடியேறிய முதல் குளிர்காலம் அது. எனக்குப் பதினொரு வயது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. நான் கிண்டிக் கொடுத்த மக்காச்சோளக் கஞ்சி அவள் தலைமாட்டில் ஆறி இறுகிக் கிடக்கும். நான்தான் எடுத்துக் கழுவுவேன்.

அதே வாரம் பக்கத்துக் குடிசை எலன் பிரசவத்தில் இறந்தாள். அவள் கணவன் ஆம்ப்ரோஸ் பீப்பாய் செய்கிறவன். தாடிகூடச் சரியாக முளைக்காத இளைஞன். மறுநாள் காலை குழந்தையைக் கோட்டுக்குள் பொத்தி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றான். எதற்கு வந்தான் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. குடியிருப்பில் இருந்த ஆடுகள் எல்லாம் குளிரில் செத்துவிட்டன; பசு இன்னும் வந்து சேரவில்லை. அப்பா அவனைப் பார்த்தார், அம்மாவின் முதுகைப் பார்த்தார்.

அப்போது குழந்தை அழுதது. பூனைக்குட்டி முனகுவதுபோல் அவ்வளவு சின்னச் சத்தம். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"குடு" என்றாள்.

ஆம்ப்ரோஸ் தயங்கினான். "அக்கா, உங்களக் கேக்கணும்னு வரல. எங்க போறதுன்னு தெரியாமத்தான்..."

"கதவச் சாத்திட்டுக் குடு தம்பி. பிள்ளைக்குக் குளிரும்."

அன்று மாலை அம்மா கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

குழந்தைக்குச் சைலஸ் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டிலேயே வளர்ந்தான். ஆற்றின் மேல்புறம் இருக்கும் செவ்விந்தியர்களின் ஊரில் பெண்கள் காய்ந்த பாசியைக் குழந்தைக்கு அடியில் வைத்துத் துணி சுற்றுவார்கள். சோளம் வாங்கப் போன இடத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவும் அப்படியே செய்தாள். ஆம்ப்ரோஸ் ஒரு பீப்பாயை நெடுக்கில் அறுத்துத் தொட்டில் செய்து கொண்டுவந்தான். அதில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தவனிடம், "ஒங்கப்பன் ஒன்னயும் உப்பு மீனுன்னு நெனச்சிட்டான்டா. பாத்துக்கோ, மூடி போட்டு அடிச்சிருவான்" என்றாள் அம்மா. ஆம்ப்ரோஸ் சிரித்துவிட்டான். எலன் போன பிறகு அவன் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

மே மாதம் கப்பல் வந்தது. பலர் ஊர் திரும்ப முடிவு செய்தார்கள். ஆம்ப்ரோஸும் அவர்களில் ஒருவன். எலன் செத்த குடிசையில் படுத்தால் தூக்கம் வரவில்லை என்றான். இங்கிலாந்தில், டார்செட்டில் அவன் தாய் இருந்தாள். பேரனை அவள் வளர்ப்பாள். அம்மா அவனை உட்காரவைத்து, பிள்ளையை எங்களிடமே விட்டுவிடும்படி கேட்டாள். சொந்த மகனாகவே வளர்ப்பதாகச் சொன்னாள்.

ஆம்ப்ரோஸ் தலை குனிந்துகொண்டான். "எலனோடதுன்னு எனக்கு மிஞ்சினது இவன் ஒருத்தன்தான் அக்கா."

அதற்குமேல் அம்மா வற்புறுத்தவில்லை. கடலில் பிள்ளை எதைக் குடிப்பான் என்று மட்டும் கேட்டாள். கப்பல் ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கப் போவதாக அவன் சொன்னான். பல் முளைக்காத பிள்ளைக்கு.

மறுநாள் நாங்கள் சோளம் ஊன்றிக்கொண்டிருந்தோம். எருவுக்காகக் குழிக்கு ஒரு மீனாக நான் போட்டுக்கொண்டே போனேன். அம்மா அப்பாவிடம், தான் கப்பலில் கூடப் போய்ப் பிள்ளையைக் கரை சேர்த்துவிட்டு அடுத்த வருடக் கப்பலில் திரும்பி வருவதாகச் சொன்னாள். அப்பா அவளைத் திட்டினார், பிறகு கெஞ்சினார். கடைசியில் என்னைக் காட்டினார்.

"இவளுக்கு அம்மா வேணாமா?"

"இவ கஞ்சி குடிப்பா" என்றாள் அம்மா. "அவன் குடிக்க மாட்டான்."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அதை என் காதுபடச் சொல்லியிருக்க வேண்டாம்.

கப்பல் புறப்பட்ட காலையில் அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி எங்கும் தேடினாள். நான் விறகுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். "டாமரிஸ், டாமரிஸ்" என்ற குரல் படகுத்துறை வரை போய், அங்கிருந்தும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

அந்த வருடம் முழுக்க வீட்டு வேலை என் தலையில் விழுந்தது. மீனுக்கு உப்புப் போட்டேன், அப்பாவின் சட்டைகளைத் தைத்தேன். அம்மா வந்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலும் மேலும் கூர்மையாக.

அடுத்த ஜூனில் கப்பல் வந்தது. அம்மா படகிலிருந்து இறங்கினாள். அவள்தானா என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தாள். முக்காட்டுக்கு வெளியே நீண்டிருந்த முடி நரைத்திருந்தது. அப்பா ஓடிப்போய் அவள் மூட்டையை வாங்கிக்கொண்டு, சைலஸ் எப்படி இருக்கிறான் என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நின்னுபோச்சு டாமரிஸ். ஒரே புயலு, ஒரு வாய் தண்ணி வயித்துல தங்கல. எவ்வளவோ பாத்தேன். பாலு வரவே இல்ல."

சைலஸ் ஊறிய ரொட்டியில் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தானாம். கரை தெரிவதற்கு முன்பே அவன் உடலைக் கடலில் விட்டார்களாம். ஆம்ப்ரோஸ் அவளை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. தன் தாய் வீட்டுக்கு அழைத்துப் போனான். அந்தக் கிழவி குளிர்காலம் முழுக்க அம்மாவைப் பார்த்துக்கொண்டு, கப்பலுக்கு வழியனுப்பியும் வைத்தாள். ஆம்ப்ரோஸ் அங்கேயே தங்கிவிட்டான்.

 அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கை வெறும் எலும்பாக இருந்தது. வீட்டுக்குள் போனதும் பெஞ்சில் உட்கார்ந்தவள், நான் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றித் திரும்புவதற்குள் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். நான் தரையில் உட்கார்ந்து அவள் செருப்பைக் கழற்றப் பார்த்தேன். கடல் உப்பேறி வார் விறைத்துப்போயிருந்தது, முடிச்சு விரலுக்கு இளகவில்லை. பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்க்க முடிந்தது.