எழுபது டிகிரி

மூடியைப் பழைய துண்டால் பொத்தி மெல்லத் திருகினாள் கெசியா. மோட்டார் சைக்கிளின் ரேடியேட்டர் புஸ்ஸென்று ஆவி கக்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, நூலில் கட்டிய கண்ணாடித் தெர்மாமீட்டரை உள்ளே இறக்கினாள்.

"எம்புட்டுக்கா?" என்றான் தம்பி ஜெய்சன்.

"தொண்ணூத்தியாறு. எழுபதுக்கு வரணும்."

"கிழிஞ்சுது போ."

பின்னால் அமரர் ஊர்தியில் அப்பா கிடந்தார். அதற்கும் பின்னால் ஐம்பது பேர் குடையும் வெள்ளைச் சேலையுமாகப் பாளையங்கோட்டையின் நாலு மணி வெயிலில் நின்றார்கள். பாடி வந்த பாட்டும் பாதியில் நின்றுவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்கு இன்னும் அரை மைல் இருந்தது.

வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் விட்டுப்போன வண்டி. கார் போல இதற்கும் தண்ணீர்தான் சூட்டை ஆற்ற வேண்டும். சூடு காட்டும் மீட்டர் செத்து இருபது வருஷமாகிறது. கல்லூரி இயற்பியல் லேபில் உதவியாளராக இருந்த அப்பா, அங்கே கழித்த தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சட்டம் போட்டுவிட்டார். தொண்ணூறைத் தாண்டினால் நிறுத்த வேண்டும், எழுபதுக்கு இறங்காமல் எடுக்கக் கூடாது. அந்த எழுபதுக்காகக் கெசியா எத்தனை புளியமரத்தடியில் காத்துக்கிடந்திருக்கிறாள்! பி.எட். பரீட்சைக்கு அரை மணி பிந்திப் போனாள். திசையன்விளையில் அத்தை கல்யாணத்தில் பாயசம் மட்டும்தான் மிச்சமிருந்தது.

போன மாதமே அப்பா சொல்லிவிட்டார். "பெட்டிக்கு முன்னால வண்டி போவணும். நீதான் ஓட்டணும் கெசியா. ஜெய்சன் சூடு பாக்க மாட்டான்."

சரியென்று தலையாட்டினாள். நடை வேகத்தில் போனால் ரேடியேட்டருக்குக் காற்றே படாது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? முப்பது வருஷம் லேபில் இருந்த மனிதர்! எரிச்சலில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

போதகர் வாட்சைப் பார்த்தார். "அஞ்சு மணிக்குக் கோயில்ல கல்யாணம் இருக்கும்மா."

"கொஞ்ச நேரந்தான் ஐயா."

ஜெய்சன் எங்கிருந்தோ ஒரு வாளித் தண்ணீரோடு வந்தான். "ஊத்திருதேன்."

"ஏலே, ஊத்தாத! பச்சத்தண்ணி பட்டா இஞ்சின் விரிசல் விட்டிரும்."

"அப்ப ஓரமாப் போட்டுட்டு வா. செத்த மனுசனுக்குத் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியும்லா."

ஊர்தி டிரைவர் நூகு இறங்கி வந்தார். "விடுங்க தம்பி. அவுக ஆசைப்பட்டது. நான் நிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய் இஞ்சினை அணைத்தார். தெரு அமைதியாகிவிட்டது.

"எண்பத்திரெண்டு" என்றாள் கெசியா, பொதுவாக எல்லோருக்கும்.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் காய்ச்சல் பார்த்தபோது அப்பா கண்ணைத் திறந்தார். "எம்புட்டு?"

"நூத்திரெண்டுப்பா."

"அது பாரன்ஹீட்லா. செல்சியஸ்ல சொல்லு."

கெசியாவுக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. "சும்மா கெடங்கப்பா!" என்று வள்ளென்று விழுந்தாள். அவர் சும்மா கிடந்தார். மத்தியானம் உயிர் போகும்வரை வேறொன்றும் பேசவில்லை.

இப்போது மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முப்பத்தொன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. சொல்வதற்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பாதரசம் இறங்கிக்கொண்டே இருந்தது. நூகு மறுபடி ஏறி உட்கார்ந்தார். போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். வண்டியை உதைத்துக் கிளப்பினால் பத்து நிமிஷத்தில் கல்லறைத் தோட்டம். குழி காலையிலேயே வெட்டியாகிவிட்டது.

"இப்ப எம்புட்டுக்கா?" ஜெய்சன் கேட்டான்.

பாதரசம் அறுபத்தெட்டில் நின்றது. கெசியா அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள்.

"எழுபத்தஞ்சு" என்றாள். "இன்னும் செத்த நேரம் நில்லு."