ஹால்வோர் மறக்காத பாட்டு

நோர்வேக்காரக் கட்டடக் கலைஞர் ஹால்வோர் ஒரு பாட்டை எழுதி முடித்தால், அவர் வரைந்த கட்டடங்களில் எங்கோ ஓர் அறை இல்லாமற்போய்விடும். பேர்கன் நகரில் எழுதிய முதற்பாட்டுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் தரை கூட்டும் தும்புத்தடி வைக்கும் அறை போனது. பாட்டை அவர் மறந்ததும் அது தும்புத்தடிகளோடு திரும்பி வந்தது. கனடாவுக்கு வந்து ரொறன்ரோவில் பெயரெடுத்த பிறகு போனது ஒரு வங்கியின் கூட்ட அறை. அதற்காக யாரும் அழவில்லை, அவருக்கு விருதுதான் கொடுத்தார்கள். பாட்டுகளை அவர் யாருக்கும் பாடிக்காட்டமாட்டார், அவ்வளவு கஞ்சத்தனம்.

தொண்ணூற்றிரண்டு மார்ச்சில் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பாட்டை எழுதினார். அன்று அதே நகரின் மோர்னிங்சைட் பகுதியில் அவர் வரைந்த அப்பார்ட்மென்ற் ஒன்றில் ஒரு படுக்கையறை போனது. இரவு வேலை முடித்து வந்த ஜெயரட்ணம் அதற்குள் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி மங்கையற்கரசி தேநீரோடு போனபோது கதவிருந்த இடத்தில் வெள்ளைச் சுவர் நின்றது. காதை வைத்தால் குறட்டை கேட்டது. கட்டட மேலாளர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, இது ஒற்றை அறை வீடுதான் என்றார், வாடகையைக் குறைக்கவில்லை.

ஹால்வோர் தானே தேடிவந்து உண்மையைச் சொன்னார். பாட்டு இருந்த தாளை அவள் கண்முன்னே எரித்தார். இனி அது அவர் தலையில் மட்டும்தான். அறை திரும்பிவர, ஒன்றில் அவர் மறக்க வேண்டும், இல்லையேல் சாக வேண்டும். மறக்க அவருக்கு மனமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கொல்ல அவளுக்குக் கை வரவில்லை.

நான்கு வருடம் கழித்து அவருக்கு மறதி நோய் என்று கேள்விப்பட்டபோது மங்கையற்கரசி வாய்விட்டுச் சிரித்தாள். பார்க்க ஆளில்லாத கிழவரைத் தானே போய்க் குளிப்பாட்டினாள், சூப் ஊட்டினாள். "மறந்து துலையுங்கோ அங்கிள், என்ர மனுசன் பசியோட கிடக்கிறார்" என்பாள். தமிழ் விளங்காமல் அவர் தலையாட்டுவார். தன் மனைவியின் பெயரை மறந்தார், பேர்கனை மறந்தார், பென்சில் எதற்கென்பதை மறந்தார். கஞ்சத்தனமும் மறந்துபோய், கரண்டி வாயருகே வரும்போதெல்லாம் அந்தப் பாட்டையே முணுமுணுத்தார்.

தொண்ணூற்றொன்பது தையில் அவர் இறந்தார். மங்கையற்கரசி வீட்டுக்கு ஓடிவந்து, ஏழு வருடப் பசிக்கு உலை வைத்து, சுவரைப் பார்த்தபடியே குழம்பைக் கிளறினாள். சுவர் அசையவில்லை. குறட்டை மட்டும் நின்றது.

"இஞ்சரும், நல்ல பாட்டு" என்றார் உள்ளேயிருந்து ஜெயரட்ணம். "இன்னொருக்காப் பாடும்."

அப்போதுதான் தன் வாய் கிழவரின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. இனி அது அவள் தலையில் இருந்தது. அடுப்பை அணைத்து, சோற்றுக் கோப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, அவள் இன்னொருமுறை பாடினாள்.